லை, லே, லைட்: ஒரே வரிசையில் அடைக்க முடியாத மூன்று வினைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் கல்விப் பக்கத்தில் சாதாரண தர மாணவருக்காக வெளிவந்த ஆங்கில ஒழுங்கற்ற வினைகளின் அட்டவணையில் 'லை' என்ற வினைக்கு ஒரே ஒரு வரிசைதான் இருந்தது: லை, லே, லெய்ன். எதிரே 'படுத்தல், வைத்தல், பொய் சொல்லல்' என்று மூன்று பொருளும் போட்டிருந்தீர்கள். அந்த வடிவங்கள் படுத்தலுக்கு மட்டுமே சரி, மற்ற இரண்டுக்கும் பிழை. அட்டவணையை வெட்டிக் கொப்பியில் ஒட்டிப் பாடமாக்கும் பிள்ளை, 'அவன் பொய் சொன்னான்' என்பதற்கு 'ஹி லே' என்று எழுதிவைக்கும். திருத்துகிறவருக்குச் சிவப்புப் பேனா போதாது.

இவை மூன்று தனித்தனி வினைகள். தமிழ் எழுத்தில் உச்சரிப்பை மட்டும் கொடுத்தால் குழப்பம் கூடும் என்பதால் ஆங்கில எழுத்துக்களையும் சேர்த்தே தருகிறோம். படு, கிட என்ற பொருளில் வருவது லை, எல்-ஐ-ஈ. அதன் இறந்தகாலம் லே, எல்-ஏ-ஒய். 'ஹேவ்', 'ஹேஸ்', 'ஹேட்' ஆகியவற்றோடு வரும் மூன்றாம் வடிவம் லெய்ன், எல்-ஏ-ஐ-என். கிடத்து, வை, இடு என்ற பொருளில் வருவது லே, எல்-ஏ-ஒய். இறந்தகாலமும் மூன்றாம் வடிவமும் லெய்ட், எல்-ஏ-ஐ-டி. பொய் சொல்லுதலும் லைதான், அதே எல்-ஐ-ஈ. ஆனால் அதன் இறந்தகாலமும் மூன்றாம் வடிவமும் லைட், எல்-ஐ-ஈ-டி. இது வீட்டில் எரிகிற லைட் அல்ல. கடைகளில் விற்கும் சில கைநூல்கள் லெய்ட்டை 'லேட்' என்று அச்சிடுகின்றன. அது பிந்தி வருகிற லேட்.

ஆங்கில வினை ஒன்றுக்கு (லை, லைஸ், லே, லெய்ன், லையிங் என்பதுபோல) ஐந்து வடிவம் என்று கணக்குப் பார்த்தால் மூன்று வினைகளுக்கு 15 இடங்கள். அந்த 15 இடங்களையும் நிரப்ப இருப்பவை 9 சொற்கள்தான். ஒரே சொல் இரண்டு வீட்டில் குடியிருப்பதால் வரும் தொல்லை இது. அதிலும் பெரிய தொல்லை 'லே'. முதல் வினைக்கு அது நேற்றைய வடிவம், இரண்டாம் வினைக்கு இன்றைய வடிவம். மூன்று பத்தி அட்டவணையை நெட்டுருப் போடுகிறவர் சறுக்குவது இங்கேதான். மனப்பாடம் போதாமல் அல்ல, அட்டவணை இந்த இடத்தை மறைப்பதால்தான் சறுக்குகிறார்.

தமிழ்ப் பிள்ளைக்கு இதைப் புரியவைக்க வேறெங்கும் போகவேண்டாம். தமிழ்ப் பாடத்தில் தன்வினை, பிறவினை படித்தாயிற்று. திருந்து, திருத்து. உருள், உருட்டு. கிட, கிடத்து. தானே கிடந்தால் லை, ஒன்றைக் கிடத்தினால் லே. இது வசதிக்காக நாங்கள் ஒட்டவைக்கும் ஒப்புமை அல்ல. பழைய ஆங்கிலத்தில் 'லிட்ஜன்' என்பது கிடத்தல், 'லெட்ஜன்' என்பது கிடத்துதல். இரண்டாவது முதலாவதின் பிறவினையாகவே பிறந்தது. தமிழில் மெல்லெழுத்து வல்லெழுத்தாகிப் பிறவினை வருவதுபோல, அங்கே உயிரொலி மாறி வந்தது. பொய் சொல்லும் லை இந்தக் குடும்பமே அல்ல. வேறு வேரிலிருந்து வந்து, காலப்போக்கில் ஒலி தேய்ந்து ஒரே உருவத்தில் நிற்கிறது. ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் கிடத்தல் லீகன், கிடத்துதல் லேகன், பொய் சொல்லல் லூகன் என்று மூன்றும் பிரிந்தே இருக்கின்றன.

லேயைப் போன்ற இரட்டைக் குடியிருப்பு தமிழிலும் உண்டு. 'படுத்து' என்ற சொல்லைப் பாருங்கள். 'பாயில் படுத்து உறங்கினான்' என்றால் அது படு என்பதன் வினையெச்சம், தன்வினை. 'பிள்ளையைப் பாயில் படுத்து' என்றால் அதுவே பிறவினை ஏவல். எந்தத் தமிழ்ப் பிள்ளையும் இவ்விரண்டையும் குழப்புவதில்லை, ஏனென்றால் பக்கத்தில் 'பிள்ளையை' நிற்கிறதா என்று காது தானாகவே பார்த்துக்கொள்கிறது. (வீட்டுப் பேச்சில் 'பிள்ளையை வளர்த்திவிடு' என்று சொல்வதும் இந்தக் கிடத்துதல்தான்.) அந்தக் காதை ஆங்கிலத்துக்கும் கொண்டுபோகச் சொல்வதுதான் ஆசிரியரின் வேலை.

ஆகவே முதற் கேள்வி: எதை? அல்லது, யாரை? பதில் கிடைத்தால் லே, லெய்ட். கிடைக்காவிட்டால் லை, லே, லெய்ன். 'கொத்தனார் கல்லை வைத்தார்.' எதை? கல்லை. ஆகவே லெய்ட். 'நாய் மரத்தடியில் கிடந்தது.' எதை? பதில் இல்லை. ஆகவே லே.

இந்தச் சோதனை மூன்று இடங்களில் காலை வாரும். அதை முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால் பிள்ளை சோதனையையே கைவிட்டுவிடும். ஒன்று, தமிழில் அஃறிணைப் பொருளுக்கு ஐ உருபு பெரும்பாலும் தொக்கு நிற்கும். 'கோழி முட்டை இட்டது', 'வலை போட்டார்கள்', 'கம்பளம் விரித்தார்கள்'. இங்கே 'ஐ' என்ற எழுத்தைத் தேடினால் கிடைக்காது. எழுத்தைத் தேடாமல் கேள்வியைக் கேட்கப் பழக்க வேண்டும். எதை இட்டது? முட்டை. சரி, லெய்ட்.

இரண்டு, செயப்பாட்டு வினை. 'அடிக்கல் நாட்டப்பட்டது' என்பதில் கல் எழுவாய் இடத்துக்கு வந்துவிட்டது. பின்னால் எதையும் காணாத பிள்ளை, 'செயப்படுபொருள் இல்லை, ஆகவே லை குடும்பம்' என்று முடிவெடுத்து 'வாஸ் லெய்ன்' என்று எழுதும். தானே கிடக்கிற வினைக்குச் செயப்பாட்டு வடிவமே கிடையாது. ஆகவே 'வாஸ்', 'வேர்' இரண்டுக்கும் பின்னால் லெய்ன் வராது. வருவது லெய்ட், லேயிங், லையிங் ஆகியவைதான். 'த ஸ்டோன் வாஸ் லெய்ட்' என்றால் கல் நாட்டப்பட்டது. 'த ஸ்டோன் வாஸ் லையிங் தெயர்' என்றால் கல் அங்கே கிடந்துகொண்டிருந்தது. எங்கள் திருகோணமலையில் நிலாவெளி வீதியிலுள்ள போர் மயானத்தில் மலர்வளையம் வைத்தால் 'ரீத்ஸ் வேர் லெய்ட்'. அங்கே அடங்கியிருப்பவர்களைச் சொன்னால் 'சோல்ஜர்ஸ் லை தெயர்'. வாசலில் நின்றே இரண்டு வினையையும் காட்டலாம்.

மூன்றாவது சிறிய விதிவிலக்கு. 'த ஹென்ஸ் ஆர் லேயிங்' என்றால் எதை என்பது சொல்லப்படவில்லை, ஆனால் முட்டை என்பது விளங்கும். கோழி வளர்ப்பவர்கள் 'லேயர்', 'புரொய்லர்' என்று பிரிக்கிறார்களே, அந்த லேயர் இந்த வினையின் பிள்ளைதான். உங்கள் அலுவலகத்தில் பக்கம் கட்டுகிறவர்கள் சொல்லும் 'லேயவுட்' அதன் உடன்பிறப்பு.

இனிக் காலம். லெய்ன் என்ற வடிவத்தை விளக்கச் சொன்னால் பல பாடநூல்கள் கட்டிலில் படுத்திருக்கிறவரைக் காட்டுகின்றன. எங்கள் ஊரில் அதைவிட நல்ல உதாரணங்கள் கடலுக்கடியிலேயே உண்டு. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. முதல்நாள் இரவு துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் அன்று மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. இன்றைக்கும் அங்கேதான் கிடக்கிறது. ஆகவே 'த ஹெர்மிஸ் ஹேஸ் லெய்ன் தெயர் சின்ஸ் 1942'. அன்று கிடக்கத் தொடங்கியது, இன்னும் முடியவில்லை, அதனால் 'ஹேஸ்' போட்டு லெய்ன். அதே தாக்குதலில் துறைமுகத்துக்குள் குண்டுபட்ட சகாயிங் என்ற கப்பலும் நெடுங்காலம் அடியில் கிடந்தது. ஆனால் 2018 மார்ச் மாதம் கடற்படைச் சுழியோடிகள் அதை மேலே கொண்டுவந்தார்கள். கிடந்தது முடிந்துபோயிற்று. ஆகவே 'த சகாயிங் லே தெயர் அன்ரில் 2018'. இங்கே லெய்ன் வேண்டாம், வெறும் லே போதும். லேக்கும் லெய்னுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் முழுவதும் இந்த இரண்டு கப்பல்களுக்கு இடையில் இருக்கிறது. கரும்பலகையில் இரண்டு படகு வரைந்து, ஒன்றுக்கு மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போட்டால் பாடம் முடிந்தது.

மேலே கொண்டுவந்ததற்கு வினை 'ரெய்ஸ்'. கப்பல் தானே எழும்பவில்லை, எழுப்பினார்கள். தானே எழுவது 'ரைஸ்', எழுப்புவது 'ரெய்ஸ்': இதுவும் லை, லே போன்ற இன்னொரு சோடி. 'சிற்' என்றால் இரு, 'செற்' என்றால் இருத்து. ஈழத்தவர் 'இருங்கோ' என்று சொல்லும்போது உட்காரச் சொல்கிறோம் என்பதால், இரு, இருத்து என்ற சோடி நமக்கு இந்தியத் தமிழரைவிட இன்னும் கச்சிதமாகப் பொருந்துகிறது. இந்தச் சோடிகளில் ஒரு பொது இயல்பு உண்டு. தன்வினைதான் முரடு, உயிரொலியை மாற்றிக் கொண்டு இறந்தகாலம் காட்டும்: ரைஸ், ரோஸ், ரிஸன். பிறவினை சாது. ரெய்ஸ் 'ரெய்ஸ்ட்' ஆகும், செற் மாறவே மாறாது. லேயும் காதுக்கு ஒழுங்கான வினைதான். லே என்பதோடு ஒரு 'ட்' சேர்ந்தால் லெய்ட். ஒழுங்கு தவறுவது எழுத்தில் மட்டும். பிளே, ஸ்டே ஆகியவற்றைப் பார்த்த பிள்ளை எல்-ஏ-ஒய்-ஈ-டி என்று எழுதும், அது பிழை. பே, சே, லே மூன்றும் ஒய்யை ஐ ஆக்கி டி மட்டும் ஏற்கும். உச்சரிப்பில் சே மட்டும் தனிவழி போய் 'செட்' ஆகிவிடும். மற்ற இரண்டும் பெய்ட், லெய்ட்.

'இங்' சேர்க்கும்போது லை தன் ஐ-ஈயை விட்டுவிட்டு ஒய் எடுத்துக்கொள்ளும்: எல்-ஒய்-ஐ-என்-ஜி. டை, ட்டை போன்று ஐ-ஈயில் முடியும் மற்றவையும் இப்படித்தான். படுத்திருத்தலுக்கும் பொய்க்கும் இந்த ஒரே வடிவம். 'ஹி இஸ் லையிங்' என்று தனியே எழுதினால் இரண்டு பொருளும் வரும். அடுத்து 'ஒன் த மேட்' என்று பாய் வந்தால்தான் மனுஷனின் மானம் தப்பும்.

வினாத்தாளில் நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தெரியச் சொன்னால் பெரும்பாலானோர் லெய்ட்டைத் தொடுவார்கள். காரணம் எளிது. அதுவரை படித்த இறந்தகாலமெல்லாம் டியில் முடிந்திருக்கிறது. டி இல்லாத லே நிகழ்காலம் போலத் தெரிகிறது. இதற்கு ஒரு சின்ன மருந்து உண்டு. இறந்தகாலப் பாடத்தில் முதல் சில நாட்கள் 'ஐ', 'வி', 'தே' என்று எழுவாய் கொடுக்காமல் 'ஹி', 'ஷி', 'இற்' மட்டும் கொடுங்கள். நிகழ்காலமாக இருந்தால் அந்த எழுவாய்களுக்கு 'லேஸ்' என்று எஸ் ஒட்டியே தீரவேண்டும். ஆகவே எஸ் இல்லாமல் 'ஷி லே' என்று ஒரு வசனத்தில் வந்தால் அது 'அவள் கிடந்தாள்' என்பதைத் தவிர வேறொன்றாகவும் இருக்க முடியாது. 'தே லே' என்று தொடங்கினால் வலை போடுகிறார்களா, மணலில் படுத்தார்களா என்பது வசனத்தின் வாலைப் பார்த்தபிறகுதான் தெரியும். அந்தச் சிக்கலை இரண்டாம் வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

வகுப்பில் எந்த வரிசையில் எடுப்பது என்பதில் எங்கள் கருத்து அட்டவணைக்கு நேரெதிர். லையில் தொடங்கவேண்டாம், லேயில் தொடங்குங்கள். ஒரு பாய், ஒரு அடிமட்டம், ஒரு தட்டு போதும். பிள்ளை அடிமட்டத்தைப் பாயில் வைத்துக்கொண்டே 'ஐ லே த ரூலர் ஒன் த மேட்' என்று சொல்லட்டும், வைத்து முடித்ததும் 'ஐ லெய்ட்' என்று சொல்லட்டும். பொருளை மாற்றி மாற்றி இருபது தடவை. இரண்டு நாள் இதுவே. அதன்பிறகு கையை எடுத்துவிட்டு அடிமட்டத்தைச் சுட்டி 'த ரூலர் லைஸ் ஒன் த மேட்', 'இற் இஸ் லையிங் ஒன் த மேட்'. அடுத்த நாள் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, வெறும் நிலத்தைக் காட்டி 'யெஸ்டடே இற் லே தெயர்'. அடிமட்டம் இப்போது அங்கே இல்லை என்பது கண்ணுக்குத் தெரிவதால் லே இறந்தகாலம் என்பது மனதில் நிற்கும். லெய்னுக்கு மேலே சொன்ன கப்பல் வசனம் ஒன்றிரண்டு போதும். அன்றாட எழுத்தில் அது அபூர்வம், பரீட்சைக்குத்தான் தேவைப்படும். பொய் சொல்லும் லையை இந்த வாரமே எடுக்க வேண்டாம். ஒரு மாதம் கழித்து 'டெல்' என்ற வினையோடு, 'டெல் எ லை' என்று பெயர்ச்சொல்லாக அறிமுகம் செய்தால் அது மற்ற இரண்டோடும் போய் ஒட்டாது.

பொருளின் எல்லை பற்றியும் சொல்லவேண்டும். லை என்பது படுப்பது மட்டுமல்ல. ஊர் அமைந்திருப்பதும் லை, பொருள் பாவிக்காமல் கிடப்பதும் லை. சீனக்குடாவில் பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99 இருக்கின்றன. அவற்றுள் பல நெடுங்காலம் சும்மா கிடந்ததைச் சொல்ல 'லே ஐடில்' என்பதே சரியான ஆங்கிலம். 17 ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் தூண்கள் சுவாமிமலை அடியில் கடலுக்குள் கிடப்பதும் லைதான். பிழை யார் மீது என்று சொல்வதற்கும், துறையில் கப்பல் நங்கூரமிட்டு நிற்பதற்கும் அதே வினை. நம் 'கிடக்கு' கிட்டத்தட்ட இத்தனை இடத்துக்கும் பொருந்துகிறது. 'வள்ளம் கரையில கிடக்கு', 'கடை பூட்டிக் கிடக்கு'. பொருந்தாத இடமும் உண்டு. 'கையில காசு கிடக்கு' என்பதற்கு லை போட்டால் ஆங்கிலேயருக்கு விளங்காது, அங்கே 'ஹேவ்' வேண்டும். மரியாதையிலும் கவனம் தேவை. தமிழில் பெரியவர் ஒருவர் ஆசுபத்திரியில் 'கிடக்கிறார்' என்றால் காதில் குத்தும். ஆங்கில லையில் அந்தக் குத்தல் இல்லை.

உல்லாசப் பயணிகளுக்கான அறிவிப்புப் பலகைகளிலும் துண்டுப் பிரசுரங்களிலும் 'ட்ரிங்கோமலி லேஸ் ஒன் த ஈஸ்ட் கோஸ்ட்' என்று எழுதியிருப்பதைக் காணலாம். வாசிக்கிறவர் நகரம் கரையில் எதை இடுகிறது, முட்டையையா என்று கேட்கலாம். 'லைஸ்' என்று இரண்டு எழுத்தை மாற்றினால் போதும். அதைவிட ஆபத்தானது லீவுக் கடிதம். 'காய்ச்சலால் மூன்று நாள் படுத்திருந்தேன்' என்பதற்கு 'ஐ லைட் இன் பெட்' என்று எழுதினால், கட்டிலில் இருந்தபடி பொய் சொன்னேன் என்று தன் கைப்படவே ஒப்புக்கொண்டதாகும். 'ஐ லே இன் பெட்' என்பதே சரி.

ஆங்கிலேயரே 'ஐ லெய்ட் டவுன்' என்று பேசுகிறார்களே என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. பேசுகிறார்கள், 14 ஆம் நூற்றாண்டிலிருந்தே அப்படிப் பேசிவந்திருக்கிறார்கள். காதும் அதற்கு ஒரு காரணம். லே என்ற சொல்லோடு 'டவுன்' சேர்ந்தாலும், லெய்ட் என்ற சொல்லோடு 'டவுன்' சேர்ந்தாலும் வேகமான பேச்சில் ஒரே ஒலிதான் கேட்கும், நடுவில் வரும் ட ஒலி இரண்டையும் ஒன்றாக ஒட்டிவிடுகிறது. ஆகவே பேச்சில் ஒருவர் மாற்றிச் சொன்னால் திருத்தப் போவது வீண் வேலை. விண்ணப்பத்திலும் அறிக்கையிலும் பரீட்சைத் தாளிலும் மட்டும் பிரித்தே எழுதவேண்டும். அங்கே ஒலி இல்லை, எழுத்துத்தான் இருக்கிறது.

அடுத்த வாரப் பக்கத்தில் அந்த ஒரு வரிசையை மூன்றாகப் பிரித்து மறுபடி அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறோம். இடமிருந்தால் இன்னொரு வரிசையும் சேர்த்துவிடுங்கள். 'ஃபோல்' என்பதற்கு ஃபெல், ஃபோலன் என்று சரியாகப் போட்டிருக்கிறீர்கள், ஆனால் அதன் பிறவினையான 'ஃபெல்' அட்டவணையில் இல்லை. விழு, வீழ்த்து. பனை தானே விழுந்தால் 'ஃபெல்'. வெட்டி வீழ்த்தினால் ஃபெல்ட், எஃப்-ஈ-எல்-எல்-ஈ-டி, மூன்றாம் வடிவமும் அதுவே. உணர்ந்தேன் என்று பொருள்தரும் 'ஃபெல்ற்' வேறு, அதில் ஒரு எல்தான், முடிவில் ரீ.

இப்படிக்கு,
ஆங்கிலம் கற்பிப்போர் சிலர்,
திருகோணமலை.